பின்வாசலுக்கு எதிரே வந்து உட்கார்ந்தவை

தும்பிமலையில் மார்கழி முடியப்போகிற ஒரு காலையில், புல்லின் மேல் உறைபனி கல்லுப்பைப் பரப்பினாற்போல் கிடக்க, தேயிலைத் தோட்டத்துக்கும் சோலைக்காட்டுக்கும் நடுவே வரிசையாக நிற்கிற தகரக்கூரை வீடுகளில் கடைசி வீட்டின் பின்வாசலுக்கு எதிரே, காட்டில் இருந்த பறவைகளும் மிருகங்களும் வந்து உட்கார்ந்துகொண்டு அந்த வாசலையே பார்த்துக்கொண்டிருந்தன.

அவை வந்ததை யாரும் பார்க்கவில்லை. அந்த வீட்டுக்காரி பரிபூரணம் அடுப்பில் உலை வைத்துவிட்டு, ஜன்னல் கண்ணாடியில் படிந்த ஆவியை முந்தானையால் துடைத்தபோது அவை ஏற்கெனவே அங்கே இருந்தன. முன்னால் சின்னதுகள்: வெள்ளைக்கண்ணிக் குருவிகள், சின்னான்கள், குளிருக்கு மட்டும் வடக்கேயிருந்து வந்துபோகிற வாலாட்டிக் குருவி ஒன்று, அதுவும் வாலை ஆட்டாமல். அதற்குப் பின்னால் காட்டுக்கோழிகளும், ஒரு கீரியும், ஒரு முள்ளம்பன்றியும், வாலைச் சுருட்டி மடியில் போட்டுக்கொண்ட மலையணில்களும். அதற்கும் பின்னால் ஒரு கரடி, கன்றோடு ஒரு காட்டெருமை, நாயைப்போலக் குரைக்கிற சின்ன மானான கேளையாடு ஒன்று. கேளையாட்டிலிருந்து ஓர் ஆள் உட்காரும் இடம் விட்டு, இரண்டும் ஒரே பஸ்ஸுக்குக் காத்திருப்பதுபோல, ஒரு சிறுத்தை. எதுவும் மேயவில்லை, கொறிக்கவில்லை, கூவவில்லை. மூச்சு மட்டும் வெள்ளையாக எழும்பிக் கலைந்துகொண்டிருந்தது.

பரிபூரணம் அலறவில்லை. "எதுக்கு வந்திருக்குதுங்க?" என்று ஜன்னலைப் பார்த்துக் கேட்டாள்.

அவள் சுபாவம் அது. பால்காரர் சிரித்துப் பேசினால் பாலில் இன்றைக்குத் தண்ணீர் கூடுதல் என்று நினைப்பாள். பக்கத்து வீட்டு ரோசலின் கேட்காமலே ஒரு கிண்ணம் குழம்பு கொண்டுவந்து கொடுத்தால், நேற்றையதாக இருக்குமோ என்று முகர்ந்து பார்ப்பாள். பறவைகளைப் பார்க்கிற பழக்கமும் அவளுக்குச் சந்தேகத்தில் வந்ததுதான். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த புதிதில், பின்பக்கம் ஊன்றிய பட்டாணி முளைவிட்ட கையோடு காணாமல்போக, ரோசலின்தான் பிடுங்குகிறாள் என்று முடிவுகட்டி, கையும் களவுமாகப் பிடிக்க ஜன்னலோரம் மறைந்து நின்றவள், கொண்டையைச் சிலுப்பிக்கொண்டு ஒரு சின்னான் முளை முளையாகப் பிடுங்கித் தின்பதைக் கண்டாள். ரோசலின் தப்பித்துவிட்டாள், ஜன்னல் பரிபூரணத்தை விடவில்லை. அன்றிலிருந்து உலை கொதிக்கிற நேரமெல்லாம் அவள் அங்கேதான் நின்றாள். எந்தக் குருவி ஜோடியை விட்டு இன்னொன்றோடு சுற்றுகிறது, எது அடுத்ததன் கூட்டில் கண் வைத்திருக்கிறது, எந்த அணில் தன் பங்கைத் தின்றுவிட்டுத் தின்னாததுபோல் வந்து நிற்கிறது என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. இத்தனை வருஷம் தான் பார்த்தவை இன்றைக்குத் தன் வீட்டைப் பார்ப்பது அவளுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

தேயிலை ஃபேக்டரியில் இரவு ஷிப்ட் முடிந்து வந்த அவள் புருஷன் கதிர்காமன், வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் வந்து ஜன்னலில் எட்டிப் பார்த்தார். பிறகு பின்கதவைத் திறந்துகொண்டு போய்க் கைதட்டினார். சாப்பாட்டுத் தட்டை எடுத்துக் கரண்டியால் அடித்தார். ஒரு கல்லை எடுத்து எறிந்தார். அது கரடியின் தோளில் பட்டு விழுந்தது. கரடி விழுந்த கல்லைப் பார்க்கவில்லை, எறிந்தவரையும் பார்க்கவில்லை, வாசலைத்தான் பார்த்தது.

"நம்ம வீட்டுல என்னமோ இருக்கு பூரணம்," என்றார் அவர் உள்ளே வந்து.

இருவரும் ஒரே நேரத்தில் உள்ளறைக் கதவைப் பார்த்தார்கள். அங்கே அவர்கள் மகள் சுகிர்தா படுத்திருந்தாள்.

திருப்பூரில் கட்டிக்கொடுத்த மகள். போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், சொல்லாமல் கொள்ளாமல், ஒரே ஒரு பையோடு, கம்பளிக் குல்லாவும் மஃப்ளருமாக வந்து இறங்கி, "லீவும்மா" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு உள்ளே போனவள். பொங்கலுக்கு முன்னால் பனியன் கம்பெனிகளில் ஞாயிற்றுக்கிழமைகூட வேலை நடக்கும், செத்தால்கூட லீவு கிடைக்காது என்று பரிபூரணத்துக்குத் தெரியும். ஆனால் அவள் கேட்கவில்லை. கேட்டால் பொய் வரும், தானே கண்டுபிடித்தால் உண்மை வரும் என்பது அவள் கணக்கு. மகள் குளிக்கப் போனபோது பையைத் திறந்து பார்த்தாள், துணிகளை முகர்ந்து பார்த்தாள், போனை எடுத்து யார் யார் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று பார்த்தாள். வேலை போய்விட்டதோ, எங்கேயாவது கைவைத்துவிட்டாளோ, வேறு எவனாவது உண்டோ என்று ஒவ்வொன்றாக நினைத்து ஒவ்வொன்றையும் பாதி நம்பினாள். கதிர்காமனும் மகளிடம் கேட்கவில்லை. "மாப்பிள்ளைக்குப் போன் பண்ணவா?" என்று மனைவியிடம்தான் கேட்டார். "இருங்க, இருங்க. முதல்ல இவ என்ன பண்ணிட்டு வந்திருக்கான்னு தெரியட்டும்," என்றிருந்தாள் அவள்.

வெயில் ஏறுவதற்குள் ரோசலின் வேலிக்கு மேலே தலையை நீட்டிவிட்டாள்.

"ஏ பூரணம்! உங்க வீட்டுப் பின்னால சிறுத்தை உக்காந்திருக்குடி!"

"தெரியும்."

"கரடியும் இருக்கு."

"அதுவும் தெரியும்."

"என்ன பண்ணுதுங்க?"

"பாக்குதுங்க."

ரோசலின் முக்கில் டீக்கடை வைத்திருப்பவள். அவளுக்குத் தெரிந்தது அவள் கடையில் பால் கொதிப்பதற்குள் தெருவுக்குத் தெரியும். ஜனங்கள் முதலில் வேலிக்கு அப்பால் நின்றார்கள், பிறகு வேலிக்கு இப்பால் வந்தார்கள், பிறகு மிருகங்களுக்கு நடுவில் வழி கேட்டுக்கொண்டு நடமாடத் தொடங்கினார்கள். "கொஞ்சம் காலை ஒடுக்கு சாமி" என்று காட்டெருமையிடம் சொல்லிவிட்டு ஒருத்தர் தாண்டிப் போனார். நடுங்கிக்கொண்டிருந்த காட்டெருமைக் கன்றின் முதுகில் யாரோ ஒரு பெண் பழைய சால்வையைப் போர்த்திவிட்டாள். பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்தன. ரோசலின் அங்கேயே ஒரு ஸ்டவ்வைப் பற்றவைத்து டீ போட்டாள். வனத்துறைக்குப் போன் செய்தபோது, எல்லாரும் வேறொரு பக்கம் யானை விரட்டப் போயிருப்பதாகவும், அவர்கள் வரும்வரைக்கும் எதற்கும் பிஸ்கட் போட வேண்டாம் என்றும் பதில் வந்தது. மத்தியானத்துக்குள் சிறுத்தை என்பது அந்தத் தெருவில் எல்லாரும் பார்த்து முடித்த ஒரு விஷயமாகிவிட்டது. பார்த்து முடியாதது வீடுதான்.

வனத்துறையில் வாட்சராக இருந்து ஓய்வுபெற்ற போஜன் அண்ணனிடம் எல்லாரும் அபிப்பிராயம் கேட்டார்கள். அவர் வெகுநேரம் தாடையைத் தடவினார்.

"தீக்குப் பயந்து புலியும் மானும் ஒண்ணா ஓடி வந்ததை நான் பாத்திருக்கேன். பெருமழையில ஒரே மேட்டுல ஒண்ணா ஒதுங்கினதையும் பாத்திருக்கேன். அப்பல்லாம் அதுங்க ஒதுங்கறதுக்கு இடம் பாக்கும். இப்படி ஒரு வீட்டைப் பாக்காது." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இந்த வீட்டுக்குள்ள மறைச்சு வெச்சது எதுவோ இருக்கு."

அவ்வளவுதான். அதுவரைக்கும் தெருவில் அவரவர் மனசுக்குள் மடித்து வைத்திருந்ததெல்லாம் வெளியே வந்தது. கதிர்காமன் ஃபேக்டரியிலிருந்து நல்ல தூளாகப் பார்த்து டிபன் பாக்ஸில் கொண்டுவருகிறார் என்று ஒருத்தர் சொன்னார். பரிபூரணம் குருவிகளுக்கு அரிசி போடுகிற சாக்கில் ஏதோ மந்திரம் பண்ணுகிறாள், இல்லாவிட்டால் எந்நேரமும் ஜன்னலில் அவளுக்கு என்ன வேலை என்று ஒருத்தி சொன்னாள். காணாமல்போன தன் வெண்கலக் குத்துவிளக்கு இந்த வீட்டில் இருந்தாலும் இருக்கும் என்று இன்னொருத்தி சொன்னாள். வீட்டைத் தேடிப் பார்த்துவிடுவதே எல்லாருக்கும் நல்லது என்று ரோசலின் சொல்ல, நல்லது என்று எல்லாரும் சொல்ல, பரிபூரணம் கதவை விரியத் திறந்துவிட்டாள். பரணில் ஏறினார்கள், அரிசி டிரம்மில் கையை விட்டுத் துழாவினார்கள், கட்டிலுக்குக் கீழே டார்ச் அடித்தார்கள். உள்ளறையில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்த சுகிர்தாவைச் சுற்றிச் சுற்றித் தேடினார்கள். குத்துவிளக்குக் கிடைக்கவில்லை. எதுவும் கிடைக்கவில்லை. எதுவும் கிடைக்காத வீட்டைத் தெரு முன்னைவிட அதிகமாகச் சந்தேகப்பட்டது.

எல்லாரும் வெளியே போனதும் புருஷனும் மனைவியும் அடுப்படியில் நின்றார்கள்.

"நீ எதாவது பண்ணியா?" என்றார் கதிர்காமன்.

"நீங்க பண்ணீங்களா?" என்றாள் பரிபூரணம்.

இத்தனை வருஷத்தில் இருவரும் ஒருவரை ஒருவர் அப்படிக் கேட்டதில்லை. சோறு குழைந்துபோய்விட்டது. அதை யாரும் இறக்கவில்லை.

அப்போதுதான் சுகிர்தா எழுந்து வந்து, ஒரு வாளியில் தன் துணிகளை எடுத்துக்கொண்டு, அங்கே நின்ற இருவரையும் தாண்டி, பின்வாசல் வழியாக வெளியே போனாள். அவள் துவைக்கிற கல்லுக்குப் போய் வாளியை வைத்தாள். சிறுத்தையின் தலை திரும்பியது. கரடியின் தலை திரும்பியது. கேளையாடும் முள்ளம்பன்றியும் குருவிகளும் கோழிகளும், காற்றடித்துச் சாய்கிற புல்லைப்போல, ஒரே பக்கம் திரும்பின. அவள் குழாயடிக்கு நடந்தபோது அவை குழாயடியைப் பார்த்தன. கல்லுக்குத் திரும்பி வந்தபோது கல்லைப் பார்த்தன.

"அப்ப இவளைத்தான்," என்றாள் ரோசலின். "எதையோ பண்ணிட்டு வந்திருக்கா."

"முகத்தைப் பாரேன், முக்காடு மாதிரி மூடிக்கிட்டு," என்றது இன்னொரு குரல்.

"பாவம் பண்ணவங்களைத்தான் இதுங்க இப்படிப் பாக்கும்," என்றார் போஜன் அண்ணன், அப்படி எங்கேயும் பார்த்திராதவர்.

பரிபூரணத்துக்கு உடம்பெல்லாம் கூசியது. போய் மகள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட வேண்டும், கதவைச் சாத்தி, "உண்மையைச் சொல்லுடி" என்று உலுக்கிவிட வேண்டும் என்ற வேகத்தோடுதான் வெளியே வந்தாள். பாதி வழியில் நின்றாள். இத்தனை பேர் பார்க்க மகளை இழுப்பதற்கு முன்னால், இதுகள் என்னத்தைப் பார்க்கின்றன என்று தெரிய வேண்டும். ஒரு குருவி எதைப் பார்க்கிறது என்று தெரியவேண்டுமானால் அதன் தலைக்குப் பக்கத்தில் நம் தலையைக் கொண்டுபோக வேண்டும். ஜன்னலில் நின்று அவள் கற்ற வித்தை அது. ஆகவே அவள் புடவையைச் செருகிக்கொண்டு, மிருகங்களுக்கு நடுவே போய், காட்டெருமைக் கன்றுக்கும் கேளையாட்டுக்கும் இடையில் இருந்த சின்ன இடத்தில், பனி உருகி நனைந்துகிடந்த தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். கன்றின் விலா அவள் தோளில் வெதுவெதுவென்று ஏறி இறங்கியது. ஈரப்புல்லும் சாணமும் கலந்த வாசனை. அவள் கேளையாட்டின் கண்ணுக்கு நேராகத் தன் கண்ணை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

முதலில் அவளுக்குத் தன் வீடு தெரிந்தது. எல்லாவற்றையும் பார்த்துவிடுகிற ஜன்னல் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்த ஜன்னல், அங்கிருந்து பார்க்க, ஆவி படிந்த ஒரு சின்னக் கண்ணாடித்துண்டாக இருந்தது. பிறகு மகள் தெரிந்தாள். வலது கையால் மட்டும் துணியைக் கசக்கிக்கொண்டிருந்தாள். இடது கையை வயிற்றோடு ஒட்டி வைத்திருந்தாள். எப்போதும் வலது பக்கத்தையே வீட்டுக்குக் காட்டிக்கொண்டு நின்றாள். யோசித்துப் பார்த்தபோது, வந்ததிலிருந்தே அவள் அப்படித்தான் நடந்தாள், அப்படித்தான் சாப்பிட உட்கார்ந்தாள், அப்படித்தான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். மிருகங்கள் உட்கார்ந்திருந்தது மறுபக்கத்தில். அங்கே மஃப்ளர் தண்ணீரில் நனைந்து கனத்து, கொஞ்சம் கொஞ்சமாக நழுவிக் கழுத்துக்கு இறங்கியிருந்தது. காதுக்குக் கீழே தொடங்கித் தாடை வரைக்கும் தோல் வெந்து கன்றிப்போயிருந்தது. அகலமாகத் தொடங்கி ஒரு கூர்முனையில் முடிந்தது அது. கதிர்காமனின் சட்டைகளைத் தேய்த்துத் தேய்த்துப் பழகியவள் பரிபூரணம். அந்த முனையை அவளுக்குத் தெரியும். எதுவும் தவறி விழுந்து அந்த இடத்தில் அப்படிப் படாது என்பதும் தெரியும். ஒரு கை பிடித்திருக்க வேண்டும், இன்னொரு கை வைத்து அழுத்தியிருக்க வேண்டும்.

அவள் வெகுநேரம் பார்த்தாள். பக்கத்திலிருந்த கேளையாடு கண் கொட்டாமல் பார்த்ததைப்போலவே அவளும் பார்த்தாள்.

"கண்ணு," என்றாள் கடைசியில்.

சுகிர்தா நிமிர்ந்தாள். அம்மா உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தாள், தன் கழுத்துக்கு இறங்கியிருந்த மஃப்ளரைத் தொட்டுப் பார்த்தாள். மேலே இழுத்துவிடப் போன கை பாதியில் நின்றுவிட்டது.

"வலிக்குதா?"

"இப்ப இல்லம்மா. தண்ணி பட்டா எரியுது."

"ஏன்டி சொல்லல?"

"நீ என் பையைக் கிளறினதைப் பாத்தேன்." மகளின் குரலில் கோபம் இல்லை. "துணியை மோந்து பாத்ததையும் பாத்தேன். என் மேலதான் நீ எதையோ தேடுறேன்னு தெரிஞ்சுது. அதுக்கப்புறம் என்னன்னு சொல்றது?"

பரிபூரணம் எழுந்திருக்கக் கையை ஊன்றினாள். அதற்குள் தெருமுனையில் ஒரு கார் ஏறி வருகிற சத்தம் கேட்டது. சுகிர்தாவின் கையிலிருந்த துணி கல்லில் விழுந்தது.

"நான்தான் வரச் சொன்னேன்," என்றார் பின்வாசலில் நின்ற கதிர்காமன், யார் முகத்தையும் பார்க்காமல். "காலையிலயே போன் பண்ணிட்டேன். வந்து கூட்டிட்டுப் போகட்டும். இவ போயிட்டா இதுங்களும் போயிடும்."

மருமகன் மகுடீஸ்வரன் வீட்டின் பக்கவாட்டில் நிறுத்திய வெள்ளைக் காரிலிருந்து இறங்கி, கையில் ஸ்வீட் பாக்ஸோடு, பின்பக்கம் வந்தான். மலைக்குளிருக்குப் பழகாத முகம் சிவந்திருந்தது. திருப்பூரில் சொந்தமாகச் சின்னப் பனியன் யூனிட் வைத்திருப்பவன், பேச்சில் மரியாதை குறையாதவன். வந்ததும் மிருகங்களைப் பார்த்து ஒரு கணம் நின்றான். பிறகு போனை எடுத்து ஒரு வீடியோ பிடித்துக்கொண்டான். பிறகு கதிர்காமனின் கையில் ஸ்வீட் பாக்ஸைக் கொடுத்தான்.

"நல்லா இருக்கீங்களா மாமா? அத்தை எங்கீங்க?" தெருவைப் பார்த்து எல்லாருக்கும் பொதுவாகச் சிரித்தான். "ஒண்ணுமில்லீங்க, சும்மா கோவிச்சுட்டு வந்துட்டா. கொஞ்ச நாளாவே அவளுக்கு மனசு சரியில்லீங்க. தானா எதையாச்சும் பண்ணிக்கறா, அப்புறம் அடுத்தவங்க மேல பழி போடறா. நல்ல டாக்டரா ஒருத்தர்கிட்டச் சொல்லி வெச்சிருக்கேன்."

காலையிலிருந்து சந்தேகப்பட்டுக் களைத்துப்போயிருந்த தெருவுக்கு அந்த வார்த்தை உட்காரக் கிடைத்த நாற்காலியாக இருந்தது. "அதான பாத்தேன்," என்று யாரோ சொன்னார்கள். தலைகள் அசைந்தன. ரோசலின் அவனுக்கு ஒரு டீ ஊற்றினாள்.

"மாப்பிள்ளை," என்று காட்டெருமைக்குப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. அவன் திடுக்கிட்டுப் பார்த்தான். மாமியார் அங்கே உட்கார்ந்திருப்பதை அப்போதுதான் கவனித்தான். "இங்க வாங்க. இந்தக் கேளையாட்டுக்கு அந்தப் பக்கம் இடம் இருக்கு. வந்து உக்காருங்க."

"என்னங்கத்தை, விளையாடறீங்க?"

"விளையாடல. உக்காந்து அவ மூஞ்சியப் பாருங்க. காலையில இருந்து இதுங்க பாக்குது. நீங்க ஒரு நிமிஷம் பாருங்க, போதும்."

அவன் சிரித்தான். டீயைக் குடித்தான். உட்காரவில்லை.

சுகிர்தா துவைக்கிற கல்லை விட்டு இரண்டடி முன்னால் வந்தாள். யாரும் அவளை வரச் சொல்லவில்லை. மஃப்ளரை உருவிக் கல்லின் மேல் போட்டாள். குல்லாவையும் கழற்றினாள், காதுக்கு மேலே ஒரு கைப்பிடி அளவுக்கு முடி பொசுங்கியிருந்தது.

"பாக்கட்டும்மா," என்றாள். "இதுங்க பாக்கறப்ப எனக்குக் கூச்சமாவே இல்ல. இவங்களும் பாக்கட்டும்."

நாற்காலிகளில் இருந்தவர்களுக்கு அங்கிருந்து சரியாகத் தெரியவில்லை. டீ பாத்திரத்தை ஸ்டவ்வில் அப்படியே விட்டுவிட்டு முதலில் எழுந்தவள் ரோசலின்தான். நன்றாகப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசையைத் தவிர அவளுக்கு அந்த நேரத்தில் வேறு நோக்கம் எதுவும் இல்லை. போய்ப் பரிபூரணத்துக்கு முன்னால், காட்டுக்கோழிகளை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தாள்; பார்த்தாள். அவள் முகம் மெல்ல மெல்ல மாறியது.

"இஸ்திரிப் பெட்டியா புள்ள?" என்றாள், குழாயடியில் கேட்பதுபோல.

"ஆமாங்க சித்தி."

"சூடா இருந்ததா, கொதிக்கக் கொதிக்க இருந்ததா?"

"கொதிக்கக் கொதிக்க."

ரோசலின் அதற்குமேல் கேட்கவில்லை. குத்துவிளக்கைத் தொலைத்தவள் வந்து உட்கார்ந்தாள். மந்திரம் என்று சொன்னவள் வந்து உட்கார்ந்தாள். போஜன் அண்ணன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு முள்ளம்பன்றிக்குப் பக்கத்தில் ஜாக்கிரதையாக இறங்கினார். ஒருவர் பின் ஒருவராகத் தெரு முழுக்க அந்தப் பின்பக்கத்தில், இறகுக்கும் ரோமத்துக்கும் நடுவே, இடம் கிடைத்த இடத்தில் உட்கார்ந்து, யாரும் யாரோடும் பேசாமல், அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தது. கேளையாட்டுக்கும் சிறுத்தைக்கும் நடுவில் இருந்த ஓரிடம் மட்டும் காலியாகக் கிடந்தது.

"எல்லாருக்கும் பைத்தியம் பிடிச்சிருக்கு," என்றான் மகுடீஸ்வரன். மரியாதை குரலிலிருந்து கழன்றிருந்தது. "அவ என் பொண்டாட்டி. நான் கூட்டிட்டுப் போறேன்."

அவன் நேராக மிருகங்களுக்கு நடுவே நடந்தான். இப்போது சிறுத்தை எழும், இப்போது காட்டெருமை கொம்பைத் தாழ்த்தும் என்று ஒவ்வொருவரும் நிச்சயமாக நினைத்தார்கள். எதுவும் எழவில்லை. காலையில் எல்லாருக்கும் வழிவிட்டதைப்போல அவனுக்கும் காலை ஒடுக்கி வழிவிட்டன. அவன் போய்ச் சுகிர்தாவின் இடது கையைப் பிடித்தான். அவள் வலியில் கத்தினாள்.

மிருகங்கள் உட்கார்ந்தபடியே இருந்தன. பரிபூரணம் எழுந்தாள். ரோசலின் எழுந்தாள். போஜன் அண்ணன் பக்கத்திலிருந்தவர் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். தெரு முழுக்க எழுந்து நின்றது.

"கையை விடுங்க," என்றாள் பரிபூரணம்.

அவன் சுற்றிலும் பார்த்தான். விட்டான். பிறகு, ஸ்வீட் பாக்ஸைப் பிடித்தபடி எப்போதோ காருக்குப் பக்கத்தில் போய் நின்றிருந்த கதிர்காமனைப் பார்த்துக் கத்தினான்: "நீங்கதான வரச் சொன்னீங்க மாமா? சொல்லுங்க இவங்ககிட்ட!"

இப்போது எல்லாரும் கதிர்காமனைப் பார்த்தார்கள். அவர் அந்தப் பார்வைகளைத் தாங்க முடியாதவராக ஸ்வீட் பாக்ஸைப் பார்த்தார். பிறகு கார்க் கதவைத் திறந்து, அதை ஸீட்டில் வைத்து, கதவைச் சாத்தினார்.

"நான்தான் வரச் சொன்னேன்," என்றார். "தப்பு. போங்க மாப்பிள்ளை. இனிமே வர வேண்டாம்."

அவர் நடந்து வந்தார். உட்கார அங்கே ஒரே இடம்தான் மிச்சமிருந்தது. சிறுத்தைக்குப் பக்கத்தில், அதன் மீசை தோளில் உரச, அவர் குந்தி உட்கார்ந்து, முதல்முறையாக மகளை நிமிர்ந்து பார்த்தார்.

"ஆளுங்களோட வரேன்," என்று சொல்லிவிட்டு மகுடீஸ்வரன் காரை எடுத்தான். அது வளைவுகளில் இறங்கிப்போகிற சத்தம் வெகுநேரம் கேட்டது.

வெளிச்சம் மங்கத் தொடங்கியதும் அவை கிளம்பின. முதலில் சின்னதுகள் பறந்தன. வாலாட்டிக் குருவி இரண்டு தடவை வாலை ஆட்டிப் பார்த்துவிட்டுப் போனது. மலையணில்கள் மரம் ஏறின. காட்டெருமைக் கன்று முதுகிலிருந்த சால்வையோடே போய்விட்டது. கேளையாடு எழுந்து சோம்பல் முறித்து, தற்செயலாகத் திரும்பி, தன் வரிசையில் இருந்தது யார் என்று அப்போதுதான் கண்டதுபோல ஒரே பாய்ச்சலில் தேயிலைக்குள் மறைந்தது. சிறுத்தை அவசரப்படவில்லை. போகிற வழியில் ரோசலின் வீட்டுக் கூண்டை நெம்பி ஒரு பெட்டைக்கோழியைக் கவ்விக்கொண்டு போயிற்று. அது வந்ததே தன் கோழிக்காகத்தான், மற்றதெல்லாம் நடிப்பு என்று ரோசலின் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

மறுநாள் முதல் பஸ்ஸில் சுகிர்தாவைக் கூட்டிக்கொண்டு பரிபூரணமும் ரோசலினும் டவுனுக்கு இறங்கினார்கள். முதலில் ஆஸ்பத்திரி, பிறகு மகளிர் காவல் நிலையம். சொன்னபடியே மகுடீஸ்வரன் ஆட்களோடு ஒருதரம் வந்தான். கடைசி வீட்டுப் பின்பக்கத்தில் தெரு நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒன்றும் பேசாமல் தன்னையே பார்ப்பதைக் கண்டு, காரிலிருந்து இறங்காமலே திருப்பிக்கொண்டு போனான். வழக்கு நடந்தது. சுகிர்தா டவுனில் ஒரு தையல் கடையில் சேர்ந்தாள். தழும்பு மறையவில்லை, அவள் அதற்கப்புறம் மஃப்ளர் கட்டவும் இல்லை.

தெருவில் சந்தேகம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல முடியாது. அடுத்த நாளிலிருந்து ஒவ்வொருவரும் பின்கதவை ஒரு விரல் அளவுக்குத் திறந்து, தங்கள் வாசலுக்கு எதிரே எதுவும் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டே முழுக்கத் திறந்தார்கள். சிலர் பின்ஜன்னலுக்கு அவசரமாகத் திரை வாங்கித் தைத்தார்கள். யார் யார் வாங்கினார்கள் என்பதை மற்றவர்கள் மனசில் வைத்துக்கொண்டார்கள். குழாயடியில் ஒருத்தி வழக்கத்துக்கு மாறாக முழுக்கை ரவிக்கை போட்டு வந்தால், பக்கத்தில் நிற்கிறவள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, "கையைக் காட்டுடி" என்று கேட்டாள். சில நேரம் அங்கே ஒன்றும் இருக்காது. சில நேரம் இருந்தது.

அடுத்த உறைபனிக் காலம் தொடங்கிய ஒரு நாள், சுகிர்தா வேலைக்குப் போயிருந்த மத்தியானத்தில், கதிர்காமன் சாப்பிட உட்கார்ந்தார். வெகுநாளாக அவர் வீட்டில் மெதுவாக நடந்தார், மெதுவாகப் பேசினார், கேட்காத வேலையெல்லாம் செய்தார். பரிபூரணம் பரிமாறிக்கொண்டிருந்தாள்.

"இன்னும் என் மேல சந்தேகமா பூரணம்?" என்று கேட்டார், சோற்றைப் பிசைந்துகொண்டே.

"தட்டைப் பாத்துக் கேக்காதீங்க. நிமிந்து கேளுங்க."

அவர் நிமிர்ந்தார். கண்ணோரம் கிழடு தட்டியிருந்தது. அவள் எதிரே உட்கார்ந்து, அவசரமில்லாமல் அந்த முகத்தை முழுக்கப் பார்த்தாள். அவர் மறுபடியும் கேட்டார்.

"ஆமாங்க," என்றாள் பரிபூரணம்.

அவர் தலையாட்டினார். அவள் ரசத்தை ஊற்றினாள், சூடாக இருக்கிறது, பார்த்துச் சாப்பிடுங்க என்றாள்.